பதினெட்டு வயதுப் ‘பெரியவர்கள்’: மார்மன் மத உபதேசிகளின் வாழ்வு

(வாலிபர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாகவும், சிலருக்கு “இது நமக்கு என்னத்துக்கு?” என்பதாகவும் தோன்றலாம். நம் ஊர்ப் புரோகிதனையும், நம் ஊர்ப் புராணத்தையும் பேசி முடிக்கவே பொழுது போதாதிருக்க, கடல் கடந்து அமெரிக்காவில் உண்டான ஒரு மதத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் இயக்க வாலிபர்கள் சிலர், “இந்த மார்மன்காரர்களைப் பாருங்கள், பதினெட்டு வயதுப் பையன்கள் குடும்பத்தின் சொந்தச் செலவில் தேசம் விட்டுத் தேசம் போய் வீடு வீடாய்க் கதவைத் தட்டிப் பிரசாரம் செய்கிறார்கள். நாம் அதில் கால்வாசியாவது செய்கிறோமா?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் பதில் சொல்லுமுன் அந்தப் பையன்கள் எப்படி வாழ்கிறார்கள், யார் அனுப்புகிறார்கள், எதற்காக அனுப்புகிறார்கள் என்பதை விசாரித்துப் பார்க்க வேண்டாமா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மதம் உண்டான கதை

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். ஒரு தேவதூதன் தமக்குத் தரிசனம் தந்து, பூமிக்குள் புதைந்திருந்த தங்கத் தகடுகளைக் காட்டியதாகவும், அவற்றில் இருந்ததைத் தெய்வ சக்தியால் மொழிபெயர்த்ததாகவும் சொல்லி, 1830ஆம் ஆண்டில் ‘மார்மன் புத்தகம்’ என்று ஒன்றை அச்சிட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி சபையும் ஏற்பட்டது. அந்தத் தகடுகள் எங்கே என்றால், தேவதூதன் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டானாம்!

தோழர்களே! சிரிக்கிறீர்கள். நம் ஊர்க் கதைகளை விட இது மோசமா என்று யோசித்துவிட்டுச் சிரியுங்கள். பூமிக்குள்ளிருந்து சிலை தானே வந்தது, கனவில் அம்மன் வந்து கோயில் கட்டச் சொன்னாள் என்பதையெல்லாம் நம்பிக் கும்பிடுகிறவர்கள் தங்கத் தகட்டைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை உடையவர்கள் அல்ல. இரண்டையும் பார்த்துச் சிரிக்கிறவனுக்குத்தான் அந்த உரிமை உண்டு.

1844இல் ஜோசப் ஸ்மித்தை இல்லினாய் மாகாணத்தில் சிறைக்குள் இருக்கும்போதே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. கொலை கொலைதான். கொள்கை தப்பு என்பதற்காக ஆளைக் கொல்வது அறிவீனமும் அக்கிரமமும் ஆகும். அதன் பிறகு பிரிகாம் யங் என்பவர் தலைமையில் 1847இல் மேற்கே போய், இப்போது யூட்டா என்று சொல்லப்படும் இடத்தில் குடியேறினார்கள். இன்றும் தலைமை இடம் அங்கேயுள்ள சால்ட் லேக் நகரமே.

உபதேசியின் ஒரு நாள்

இனி அந்தப் பையனுடைய வாழ்வைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டில், உபதேசத்துக்குப் போகும் வயதை ஆண்களுக்கு 19லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். ஆணுக்கு 24 மாதம்; பெண்ணுக்கு 18 மாதம். எந்த நாட்டுக்குப் போவது என்பது பையன் இஷ்டமல்ல. தலைமை இடத்திலிருந்து உத்தரவு வரும். ஜப்பான் என்றால் ஜப்பான், பிரேசில் என்றால் பிரேசில். அதற்குமுன் ஒரு பயிற்சிக் கூடத்தில் சில வாரம் பாடம். புதுப் பாஷை கற்க வேண்டுமானால் இன்னும் சில வாரம். அவ்வளவுதான். அரைகுறைப் பாஷையோடு அந்நிய நாட்டில் இறக்கிவிடப்படுகிறான்.

அங்கே அவனுக்குப் பெயர் கிடையாது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புப் பட்டை. அதில் குடும்பப் பெயரோடு ‘எல்டர்’ என்று போட்டிருக்கும். எல்டர் என்றால் பெரியவர் என்று அர்த்தம். மீசை சரியாய் முளைக்காத பையனுக்குப் பெரியவர் பட்டம்! தாய் அழைத்த பெயரை இரண்டு வருஷம் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான்.

நெடுங்காலம் வழங்கிவந்த அட்டவணைப்படி காலை 6-30 மணிக்கு எழ வேண்டும். பிறகு ஜெபம், தேகப்பயிற்சி, வேதப் படிப்பு. 10 மணிக்கு வெளியே கிளம்ப வேண்டும். இரவு 9 மணி சுமாருக்கு அறைக்குத் திரும்பி, 10-30க்கு விளக்கணைக்க வேண்டும். 2017இல் இதைச் சிறிது தளர்த்தினார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் துணி துவைக்கவும், சாமான் வாங்கவும், வீட்டுக்குக் கடிதம் எழுதவும் ஓய்வு. காதல், கலியாணப் பேச்சு கூடாது. நீந்துவதும் கூடாது. தேநீர், காப்பி, கள், சுருட்டு ஆகியவை அந்த மதத்தார் எவருக்குமே விலக்கு. 2019 பிப்ரவரி வரையில் தாய் தகப்பனோடு டெலிபோனில் பேசுவதுகூட வருஷத்துக்கு இரண்டே முறை. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. அதன் பிறகுதான் வாரா வாரம் பேசலாம் என்றார்கள். கைதிக்கு இதைவிட அடிக்கடி உறவினரைப் பார்க்க வழியுண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று: ஒருவன் ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது. இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். கூட்டாளி யார் என்பதையும் மேலதிகாரியே நியமிப்பார். ஒருவன் மற்றவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கொரு முறை இட மாற்றமும் கூட்டாளி மாற்றமும் வரலாம். கூட்டாளியோடு ஒத்துப்போகாவிட்டாலும் இருபத்து நான்கு மணி நேரமும் அவன் முகத்திலேயே விழிக்க வேண்டும்.

ஆபத்துக்குத் துணை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டியதுதான். 1989இல் பொலிவியா தேசத்தில் இப்படிப்பட்ட இரண்டு வாலிபர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே துணை இருப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதனுக்குச் சந்தேகம் எப்போது வருகிறது? தனியே இருக்கும்போதுதானே? இரவில் விழித்துக்கொண்டு, “நான் சொல்லுவது நிஜமா?” என்று தன்னைத்தானே கேட்கும் நேரம் எவனுக்கு இல்லையோ, அவன் எந்த மடத்திலும் நல்ல சிஷ்யனாய் இருப்பான். இதை நம் மடாதிபதிகளும் அறிவார்கள். அதனால்தான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே பிடித்து உள்ளே போடுகிறார்கள்.

மூடிய கதவுகள்

கதவைத் தட்டினால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் கதவு திறப்பதில்லை. திறந்தாலும் உடனே மூடப்படும். மழையிலும் பனியிலும் சைக்கிளை மிதித்துத் தெருத் தெருவாய்ப் போய் நாளெல்லாம் தட்டியும், உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் கிடைக்காத நாட்கள் பல. அவ்வளவுக்கும் வாராவாரம் மேலிடத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்: எத்தனை பேருக்குப் பாடம், எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று!

கணக்கு ஆளை ஆட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 1960ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், அங்கே அனுப்பப்பட்ட உபதேசிகள் சிறுவர்களைப் பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிச் சேர்த்து, அந்தச் சாக்கில் ஞானஸ்நானமும் செய்துவைத்தார்கள். கிரிக்கெட் தேசத்தில் பேஸ்பால் காட்டி மோட்சம்! விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்தோம் என்று நினைத்த பையன்கள் மதத்தில் சேர்ந்துவிட்டது தெரியாமலே வீட்டுக்குப் போனார்கள். பிறகு அந்தப் பெயர்களில் பலவற்றைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டி வந்தது. எண்ணிக்கையைக் கும்பிடுகிறவன் ஆளை மறந்துவிடுவான் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

ஜப்பானைப் பாருங்கள். 1901இல் ஹீபர் கிராண்ட் என்பவர் மூவரை அழைத்துக்கொண்டு அங்கே போய் இறங்கினார். இரண்டு வருஷம் பாடுபட்டுத் திரும்பினார். பின்னால் அவரே சபைக்குத் தலைவரானார். 1924இல் ஜப்பான் பிரசாரத்தை அவரே மூடும்படி ஆயிற்று. இருபத்து மூன்று வருஷத்தில் சேர்ந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை! 1948இல்தான் திரும்பத் திறந்தார்கள்.

அந்த மூவரில் ஆல்மா டெய்லர் என்ற பையனுக்கு அப்போது வயது 19. அவன் எட்டு வருஷத்துக்கு மேல் ஜப்பானிலேயே இருந்தான். ஜப்பானிய பாஷையைக் கற்று, ஐந்து வருஷம் போல உழைத்து, மார்மன் புத்தகத்தை அந்தப் பாஷையில் மொழிபெயர்த்து 1909இல் வெளியிட்டான். தோழர்களே! இந்த உழைப்பை நான் கேலி செய்யமாட்டேன். நம்மில் எத்தனை பேர் ஒரு புத்தகத்துக்காக ஐந்து வருஷம் உட்காருவோம்? ஆனால் அதே எட்டு வருஷத்தை வைத்தியத்துக்கோ, பூகம்பம் வரும் அந்நாட்டில் வீடு கட்டும் சாஸ்திரத்துக்கோ, ஜப்பானியரின் நல்ல நூல்களை அமெரிக்கர் படிக்கச் செய்வதற்கோ கொடுத்திருந்தால் எத்தனை பேர் பயனடைந்திருப்பார்கள்! மதம் செய்யும் பெருங்கேடு பொய் சொல்லுவதுகூட அல்ல; இப்படிப்பட்ட வாலிபத்தை விழுங்கிவிடுவதுதான்.

நம் சென்னைக்கும் அவர்கள் வந்து பார்த்தவர்களே. 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் வந்து ஒரு வருஷம் இருந்து, பத்திரிகைகூட அச்சிட்டுப் பார்த்தார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டுதான் அவர்கள் பல தாரக் கலியாணத்தைத் தங்கள் கொள்கை என்று பகிரங்கமாய்ச் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தபின் வெள்ளைக்காரர்களே அவரை அண்டவிடவில்லை. மிகச் சிலரைச் சேர்த்துவிட்டு 1854இல் கப்பலேறிவிட்டார்.

செலவு யாருடையது? சொத்து யாருடையது?

இந்தப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. “ஆகா, என்ன தியாகம்!” என்போம். ஆனால் செலவு எங்கிருந்து வருகிறது? 2020 ஜூலை முதல் அமெரிக்கா முதலிய நாட்டுக் குடும்பங்கள் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 24 மாதத்துக்கு 12,000 டாலர். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குச் சபை நிதியிலிருந்து உதவி உண்டு என்பதும் உண்மையே. ஆனால் அதற்கும் மேலே, சபையார் ஒவ்வொருவரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை கொடுக்க வேண்டும்.

சபை அவ்வளவு ஏழையா? 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் பங்கு மார்க்கெட் கண்காணிப்பு ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. சபையின் பணத்தை நிர்வகிக்கும் கம்பெனி, பங்குகளில் போட்டிருந்த பெருந்தொகையைச் சட்டப்படி தன் பெயரில் காட்டாமல், பெயருக்கு மட்டும் இருந்த பல கம்பெனிகளின் பெயரில் காட்டிவந்தது என்றும், இது சபைத் தலைமைக்குத் தெரிந்தே நடந்தது என்றும் கண்டு, இரண்டுக்குமாக 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அப்படி மறைந்திருந்த முதல் 2018 வாக்கில் சுமார் 3,200 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்திருந்தது. தோழர்களே! மகன் மழையில் சைக்கிள் மிதிக்கிறான். தகப்பன் மாதம் 500 டாலர் கட்டுகிறான். பணம் பங்கு மார்க்கெட்டில் தூங்குகிறது. திருப்பதி உண்டியலைத் தெரிந்த நமக்கு இது விளங்காத சங்கதியா?

நிறமும் பெண்ணும்

நம்முடைய இயக்கத்தார் எந்த மதத்தையும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. உன்னிடத்தில் பிறவி இழிவு உண்டா? பெண்ணுக்கு உன்னிடத்தில் என்ன இடம்?

முதல் கேள்விக்குப் பதில்: அந்தச் சபையில் 1978 ஜூன் வரையில் ஆப்பிரிக்க வம்சத்தாருக்குக் குருப்பட்டம் கிடையாது. மற்ற ஆண்கள் எல்லோருக்கும் உண்டு. பிரேசிலில் நிறங்கள் எல்லாம் கலந்து கிடக்கும். அங்கே போன உபதேசிகள், ஞானஸ்நானத்துக்கு வருகிறவனுடைய பாட்டன் பூட்டன் யார், ஆப்பிரிக்க ரத்தம் உண்டா என்று விசாரிக்க வேண்டியிருந்தது. கோத்திரம் கேட்கும் வேலைக்கு அமெரிக்காவிலிருந்து ஆள் போகிறான் பாருங்கள்! நைஜீரியாவிலும் கானாவிலும் மக்கள் அந்தப் புத்தகத்தைத் தாமாகவே படித்து, தாமாகவே கூடி, “உபதேசிகளை அனுப்புங்கள்” என்று வருஷக்கணக்காய்க் கடிதம் எழுதினார்கள். கதவைத் தட்டாமலே திறந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் ஆள் போனது 1978 நவம்பரில்தான். கதவை மூடும் ஜப்பானியனிடம் 1901இல் போனவர்கள், திறந்து வைத்திருந்த கறுப்பனிடம் போகவில்லை. இதற்குப் பெயர் வருணாசிரமம் அல்லாமல் வேறென்ன?

1978இல் தடையை நீக்கியபோது அது கடவுளிடமிருந்து வந்த வெளிப்பாடு என்றார்கள். அப்படியானால் அதற்கு முந்திய நூற்றுச் சொச்சம் வருஷமும் கடவுள் எங்கே போயிருந்தார் என்று கேட்க வேண்டாமா? மனிதர் கிளர்ச்சி செய்து உலகம் மாறியபின் கடவுளும் மாறுகிறார் என்றால், மாற்றியது கடவுளா, கிளர்ச்சியா?

இரண்டாவது கேள்வி. பெண்ணும் அதே கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு, அதே வெயிலில் அலைகிறாள். ஒருவரை மனம் மாற்றுவது அவளாகவே இருந்தாலும், ஞானஸ்நானம் கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை. குருப்பட்டம் ஆணுக்கு மட்டுமே. நேற்று வந்த 18 வயதுப் பையன் தண்ணீரில் இறங்கிக் கொடுக்கலாம். சமையலெல்லாம் பெண், படையல் மட்டும் பூசாரி என்ற நம் ஊர்க் கதைதான்.

இன்னொன்றும் சொல்லுகிறேன். 1839இல் பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பால் என்பவரும் இங்கிலாந்துக்கு உபதேசத்துக்குப் புறப்பட்டார்கள். இருவருக்கும் குளிர்க்காய்ச்சல். யங்கின் மனைவி பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான். கிம்பால் மனைவியும் காய்ச்சலில் கிடந்தாள். கையில் காசில்லை. அப்படியே விட்டுவிட்டு வண்டியேறினார்கள். இதைச் சபையார் இன்றும் விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்லுகிறார்கள். கதையில் வீரன் வண்டியில் போகிறவன். படுக்கையில் கிடந்து பிள்ளைகளையும் காப்பாற்றியவள் யார் கணக்கில்? நம் புராணங்களிலும் பெண்டாட்டியை விட்டுப் போனவன்தான் பெரியவன். விடப்பட்டவள் கற்புக்கரசி என்ற பட்டத்தோடு பட்டினி கிடக்க வேண்டியவள். இயக்கத் தோழர்களே! கூட்டத்துக்குக் கிளம்பும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் சூடு

அவர்கள் எதை அத்தாட்சியாகக் காட்டுகிறார்கள் என்றால், “இந்தப் புத்தகத்தைப் படி, உண்மையா என்று கடவுளையே கேட்டு ஜெபம் செய், உன் நெஞ்சிலேயே பதில் தெரியும்” என்கிறார்கள். நெஞ்சில் சூடு தெரிந்தால் புத்தகம் உண்மை. தெரியாவிட்டால் நீ சரியாய் ஜெபிக்கவில்லை! எப்படியும் புத்தகம் தோற்காது. இதே சூடு காவடி எடுக்கிறவனுக்கும் உண்டு, மசூதியில் தொழுகிறவனுக்கும் உண்டு. எல்லோருக்கும் உண்டாவது எதற்கு அத்தாட்சி? மனித நெஞ்சு உருகக்கூடியது என்பதற்குத்தான்.

நன்றாய் யோசித்தால், அந்த இரண்டு வருஷத்தில் நிச்சயமாய் மதம் மாற்றப்படுகிறவன் ஒருவன் உண்டு. அவன் அந்த உபதேசிப் பையனேதான். ஒரு சங்கதியைத் தினம் பத்துப் பேரிடம் சொல்லி, அதற்காக ஏச்சும் பேச்சும் வாங்கி, பணமும் வாலிபமும் செலவழித்தவன் அதைப் பொய் என்று ஒப்புவது எளிதா? நடுவில் மனமுடைந்தோ நோயாலோ திரும்பி வருகிறவனை ஊரார் பார்க்கும் பார்வைக்கு அஞ்சியே பலர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். 2024 முடிவில் இப்படி உலகமெங்கும் சுமார் 74,000 பேர் இருந்தார்கள்.

நாம் என்ன செய்வது?

ஆகவே, கேள்வி கேட்ட வாலிபர்களுக்கு என் பதில் இதுதான். அவர்களுடைய நேரந்தவறாமை, குடி புகை இல்லாமை, அவமானத்துக்கு அஞ்சாமை, அந்நிய பாஷையை உழைத்துக் கற்பது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தேவதூதன் தேவையில்லை. ஆனால் அவர்களை அனுப்பும் முறையை ஒருநாளும் எடுத்துக்கொள்ளாதீர்கள். “எங்கள் பிள்ளை ஐந்து வயதிலேயே கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறான்” என்று நம்மவர் சிலர் பெருமை பேசுகிறார்கள். எனக்கு அதில் பெருமையில்லை. தகப்பன் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளை மார்மன் பிள்ளையானாலும் சுயமரியாதைப் பிள்ளையானாலும் கிளிப்பிள்ளைதான். பெரியார் தாம் சொல்லுவதையும் அப்படியே நம்பாமல் சொந்த அறிவால் யோசித்துப் பார்க்கும்படிதான் சொன்னார். 1931 முடிவில் அவர் கப்பலேறி ருஷியா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குப் போனார். போனது கதவைத் தட்டி உபதேசிப்பதற்கல்ல. கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு. 1932இல் திரும்பியபோது புது யோசனைகளோடு திரும்பினார். நம் வாலிபரும் அப்படியே வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகட்டும். தனியாகவும் போகட்டும். எதிரியின் புத்தகத்தையும் படிக்கட்டும். சந்தேகம் வந்தால் நம்மிடமே வந்து கேட்கட்டும். கேட்டபின் நம்மை விட்டுப் போனாலும் போகட்டும். அப்படிப் போகவும் உரிமையுள்ளவன் நம்மோடு இருந்தால்தான் அவன் இருப்பதற்கு மதிப்பு.

கடைசியாக ஒன்று. பெங்களூரைத் தலைமையாக வைத்து 1993 முதல் அவர்கள் இந்நாட்டிலும் வேலை செய்கிறார்கள். ஆகையால் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பட்டையுமாய் இரண்டு பேர் உங்கள் கதவையும் ஒருநாள் தட்டலாம். விரட்டாதீர்கள், வையாதீர்கள். தாயைப் பிரிந்து வந்த பிள்ளைகள் அவர்கள். தேநீர் கொடுத்தால் குடிக்கமாட்டார்கள், மோர் கொடுங்கள். பாயைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லுவதை முழுவதும் கேளுங்கள். கேட்டபிறகு, “தம்பி, இதை நீ உன் சொந்த அறிவைக் கொண்டு ஒருநாளாவது தனியே உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததுண்டா?” என்று அன்பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்புங்கள். அந்தக் கேள்வியை முதலில் நம்மை நாமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.